ஆறரை மணி அம்மா

அந்த ஞாயிறு மாலை, வில்லியனூரில் சார்லஸின் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: சார்லஸ், குவைத்தில் மூன்றாண்டுகள் வீட்டுவேலை செய்துவிட்டு முந்தின நாள் காலை ஊர் திரும்பியிருந்த அவன் மனைவி ரோஸ்லின், அவர்களுடைய ஐந்து வயது மகள் பெர்னதெத், அந்த வீட்டிலேயே இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்ட சார்லஸின் அக்காள் ஜெயா, அழைக்காமலே வந்து அமர்ந்திருந்த அடுத்த வீட்டுக் காசம்மாள்.

ரோஸ்லின் வாங்கி வந்த பொம்மையைக் குழந்தை தொடவில்லை. பழைய செல்போன் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாகிட்ட வாடி, பெர்னா."

"நீ அம்மா இல்ல. அம்மா போன்ல இருக்காங்க. தலையில பூ வச்சிருப்பாங்க. நீ ஒல்லியா இருக்க."

"போன்ல இருக்காங்களா?"

"தினமும் ஆறரைக்குப் பேசுவாங்க. நேத்து நீ வந்த. நேத்து அவங்க பேசல."

ரோஸ்லின் கணவன் பக்கம் திரும்பினாள். அவள் வேலை பார்த்த வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு மட்டுமே போன் கைக்குக் கிடைக்கும். அவள் அழைக்கும்போது இங்கே நள்ளிரவு. தூங்குகிற மகளின் முகத்தைச் சார்லஸ் போனில் காட்டுவான். அவ்வளவுதான்.

"யாரு அவ?"

"எவ? இன்னா பேசற நீ? புள்ள விளையாட்டுக்குப் பேசிக்கிதுன்னு நினைச்சேன். ஷிப்ட் முடிஞ்சு நான் வூடு வரவே ஒன்பது ஆவுது."

"விளையாட்டா?" என்றாள் காசம்மாள். "'அம்மா, சாப்ட்டியா, எப்ப வருவ'ன்னு தினமும் கேக்குதே, என் வூடு வரைக்கும் கேக்குது. எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமயா? கம்பெனியில கூட வேல செய்றவளா இருக்கும்."

"பெரிம்மா, நீ சும்மா இரு!"

"சும்மாதாம்பா இருக்கேன். காதுல வுழுந்ததைச் சொன்னேன்."

ரோஸ்லின் குழந்தையின் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தாள். அதில் ஒரே ஒரு பெயர்தான் பதிவாகியிருந்தது: அம்மா. பெயருக்கு மேலே ரோஸ்லினின் கல்யாணப் படம். எண் அவளுடையது அன்று. கீழே வரிசையாக நாள் தவறாத அழைப்புகள், எல்லாம் மாலை ஆறரைக்கு.

ரோஸ்லின் போனைக் கணவன் முன்னால் நீட்டினாள்.

"என் போட்டோவ வச்சே என் புள்ளைய மயக்கியிருக்கா. மூணு வருசம் ஊரான் புள்ளைக்கு நான் பீ கழுவினேன். இங்க ஒருத்தி நோகாம, போன்லயே என் புள்ளைக்கு அம்மாவாயிட்டா!"

"மாதா சத்தியமா அந்த நம்பர் எனக்குத் தெரியாது, ரோஸ்லின்."

"மாதாவை இதுல இழுக்காத."

ஜெயா எழுந்தாள். "மாடு கத்துது. பால் கறந்துட்டு வந்துடறேன்."

"உக்காருங்க அண்ணி. அவ குரலை நீங்களும் கேக்கணும். உங்க தம்பி லட்சணத்துக்கு நீங்கதான் சாட்சி."

ஜெயா உட்கார்ந்தாள்.

மணி ஆறரை ஆயிற்று. போன் ஒலிக்கவில்லை. குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு நாற்பதாயிற்று.

"நான் வந்துட்டேன்னு தெரிஞ்சு ஒளியறா," என்றாள் ரோஸ்லின். "எத்தினி நாளைக்கு? நானே கூப்பிடறேன்."

பொத்தானை அழுத்தினாள். அழுத்திய மறுநொடி குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டு தெருவாசலுக்கு ஓடினாள்.

ஜெயாவின் இடுப்பில் மணி ஒலித்தது.

புடவைக்குள் செருகியிருந்த சிறிய பட்டன் போன். சார்லஸ் அதுவரை அதைக் கண்டதில்லை. காசம்மாள் வாயில் கை வைத்தாள்.

"எடும்மா," என்று வாசலில் குழந்தை கெஞ்சிக்கொண்டிருந்தாள். "எடேன்."

ஜெயா ஒருவர் முகத்தையும் பாராமல் சமையலறைக்குள் போனாள். உள்ளிருந்து வந்த குரல் ஜெயாவின் கரகரத்த குரலாக இல்லை. ரோஸ்லினைப்போலச் சொல்லின் கடைசியை இழுத்துப் பேசும் மெல்லிய குரல்.

"பெர்னா கண்ணு, அம்மாதான். நேத்து பேசலன்னு கோவமா? அம்மா ஏரோப்ளேன்ல வந்தேன்டா. இப்ப நம்ம வூட்லதான் இருக்கேன். வேல செஞ்சு செஞ்சு இளைச்சுப் போயிட்டேன், அதான் உனக்கு அடையாளம் தெரியல. பச்சைப் புடவை கட்டிக்கினு கூடத்துல நிக்கிறேன், வந்து பாரு. இனிமே போன்ல வர மாட்டேன், இன்னா?"

கூடத்தில் பச்சைப் புடவையோடு நின்றிருந்த ரோஸ்லின் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

ஜெயா அழைப்பைத் துண்டித்துவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணி..."

"நீ போன ரெண்டாம் மாசமே புள்ள என்னை அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சிது," என்றாள் ஜெயா, வாசலுக்குக் கேட்காத குரலில். "நான் அத்தைடி, உங்கம்மா போன்ல வருவான்னு சொல்லிட்டேன். சொன்னா, வரணும் இல்ல?"

ஜெயா கையிலிருந்த பட்டன் போனைப் பார்த்தாள்.

"அந்தப் பேரு உன்னுது. நீ வர்ற வரைக்கும் அதை வேற எங்க வைக்கிறது?"

குழந்தை போனைக் காதிலிருந்து எடுக்காமலே கூடத்துக்குள் வந்தாள். பச்சைப் புடவையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா?"

ரோஸ்லின் அவளை வாரி எடுத்துக்கொண்டாள். "அம்மா, அம்மா" என்று குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள்.

அதுவரை ரோஸ்லினின் முகத்தில் எரிந்துகொண்டிருந்த பொறாமை இப்போது ஜெயாவின் முகத்துக்கு வந்திருந்தது. அவள் பட்டன் போனை அணைத்துச் சன்னல் விளிம்பில் வைத்தாள். தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.