எல்லாமே நல்ல பால்

கேன் மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தாள்.

ஒன்றுமில்லை.

பால் வாசம் இல்லை. புளித்த வாடையும் இல்லை. காலடியில் கிடந்த சாணத்துக்குக்கூட வாசமில்லை.

நான்கு வருடமாக இந்தப் பால் சங்கத்தில் அவள் மூக்குதான் சட்டம். மூடியைத் திறந்த நொடியில் சொல்லிவிடுவாள். நேற்றைய பால் கலந்ததா, கேன் கழுவாததா, மாடு வேப்பந்தழை தின்றதா. அது மூக்கா மிஷினா என்பார்கள் ஊரில். கர்வம்தான் அவளுக்கு. இருந்துவிட்டுப் போகட்டுமே.

மூக்கு அப்படி. முகம்தான் முழுக்கப் பரு. பதினைந்து வயதில் வந்தது இருபத்தாறிலும் போகவில்லை. ஈரோட்டு டாக்டர் ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார். உதடு வெடிக்கும், மூக்கு காய்ந்துபோகும், ரத்தம்கூட வரலாம் என்றார்.

எல்லாம் வந்தது. பருவும் போனது. கண்ணாடி முன்னால் நின்று சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

வாசம் எப்போது போனது என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் ஒரு கேனையும் திருப்பி அனுப்பவில்லை. ஊர் திருந்திவிட்டது என்று நினைத்தாள்.

நேற்று ஊரின் மொத்தப் பாலும் குளிரூட்டும் நிலையத்திலிருந்து திரும்பி வந்தது. யாரோ ஒருவரின் புளித்த பால் பெரிய தொட்டியில் கலந்திருக்கிறது. எண்பது வீட்டுப் பால் சாக்கடைக்குப் போனது. இன்னொரு தரம் இப்படி ஆனால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்றார் சங்கச் செயலாளர்.

நேற்று இரவே டாக்டருக்குப் போன் போட்டாள். மாத்திரையால் இருக்கலாம், நாளை மறுநாள் வந்து காட்டுங்கள் என்றார்.

காட்டுவாள். ஆனால் இன்றைய பாலை இன்றுதானே ஊற்ற வேண்டும்.

இந்தக் கேன் பாவாத்தாளுடையது. வாய் ஓயாத மனுஷி. இன்று மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலையை ஆட்டினால் போதும். வரிசை நகர்ந்துவிடும். வண்டி வர அரை மணிதான் இருக்கிறது. ஒவ்வொரு கேனிலும் எடுத்துக் காய்ச்சிப் பார்க்க நேரமில்லை.

அவள் தலையை ஆட்டவில்லை. மூடியைப் பாவாத்தாளிடம் நீட்டினாள்.

வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு மூக்கு போச்சுங்க. பரு மாத்திரை தின்னு போச்சு. இன்னைக்கு அவங்கவங்க பாலை அவங்கவங்களே மோந்து சொல்லுங்க. நல்லதுன்னா ஊத்திக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

குரல் நடுங்காததில் அவளுக்கே ஆச்சரியம்.

பாவாத்தாள் மூடியை வாங்கி மோந்தாள். ரொம்ப நேரம் மோந்தாள். பிறகு அதைக் கேனில் வைத்து அழுத்தினாள்.

"நேத்து மிச்சமும் சேர்ந்துபோச்சு, அம்மணி. இது வேண்டாம்."

கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

அடுத்தவர் முன்னால் வந்தார். தன் பாலை மோந்து, அவள் கண்ணைப் பார்த்து, நல்லது என்றார். அவள் தொட்டியில் ஊற்றினாள்.

நிமிர்ந்தபோது வரிசையின் கடைசியில் இரண்டு பேர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் மூடியைத் திறக்கவே இல்லை.