மலையணில்

"அக்குபங்சருக்கு வெறும் வயித்தோட போகக் கூடாதாம். ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்க."

செல்லக்கனி தட்டை நீட்டினாள். சுயம்புலிங்கம் அதைத் தள்ளி வைத்தார்.

"ஏட்டி, மூட்டுவலி இப்பம் அம்புட்டா இல்ல. அடுத்த வாரம் பாப்பமே."

"ராத்திரி பூரா முனங்கினது யாரு? வேட்டியைத் தளர்வாக் கட்டிக்கிடுங்க. முழங்காலுக்கு மேல சுருட்டணுமாம்."

"எம்புட்டு ஊசி குத்துவாவ?"

"பத்து இருக்கும்."

"பத்தா!" அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சத்தம் போடாதீங்க. நீங்க போயி ஊசிக்குப் பயப்படுறீங்கன்னு தெரிஞ்சா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையம் போய்ச் சேரும்வரை அவர் பஸ் கம்பியை விடவே இல்லை.

டாக்டர் காஞ்சனா சின்னப் பெண். அவரைப் படுக்க வைத்து, முடி போல மெல்லிய ஊசி ஒன்றை எடுத்தாள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"செத்த நேரம் பொறும்மா. மூச்சு வாங்கிக்கிடுதேன்."

"அந்தா பாருங்க, வேப்பமரத்துல மலையணில்!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மரத்தில் ஒன்றையும் காணோம். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தபோது முழங்காலில் ஊசி நின்றுகொண்டிருந்தது. வலிக்கவே இல்லை.

"அணில் எங்கம்மா?"

காஞ்சனா அடுத்த ஊசியை எடுத்தபடி சிரித்தாள்.

"சின்னப் பிள்ளையில நம்மூர் ஆஸ்பத்திரியில நீங்க எனக்கு ஊசி போட்ட அன்னைக்கும் மரத்துல அணில் இல்ல, கம்பவுண்டர் மாமா!"