கூழில்லாத சுற்று

ஒரு காகித ஆலையில் மரக்கூழை அரைக்கும் இரும்புத் தட்டு ஒன்று இருந்தது. கூழ் வராத நேரத்திலும் அது கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே பாட்டுப் பாடும்.

"அக்கா, கூழ் வர்ற வரைக்கும் நிக்கலாமே? எனக்கு மூச்சு வாங்குது" என்று கெஞ்சியது அதைச் சுற்றிவிடும் மோட்டார்.

"நின்னா நான் வெறும் இரும்புடா, தம்பி! இன்னும் வேகமா சுத்து!"

மோட்டார் சுற்றியது, புகைந்தது, கடைசியில் நின்றே போனது. தட்டும் நின்றது. "போச்சு, வெறும் இரும்பாயிட்டேன்!" என்று அலறியது. அப்போது கூழ் குளுகுளுவென்று வந்து அதன்மேல் சாய்ந்தது.

"ஐயோ, கிச்சுகிச்சு மூட்டுறது யாரு?"

"தினமும் வர்றவங்கதான். நீங்கதான் ஒரு தடவைகூட நின்னு பார்த்ததில்லை" என்றது கூழ்.

தட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூழும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

சூடு தணிந்த மோட்டார், "கூழ் வந்தாச்சே, சுத்தலாமா அக்கா?" என்றது.

"இருடா, இவங்க எந்த ஊரு மரம்னு கேட்டுக்கிறேன்!"