குளிரடிக்காத குழாய்

"அனுராதா அத்தை ஊட்டுக் குழாய்க்கு மட்டும் குளிரடிக்காதாம்மா?" என்று கேட்டாள் மகள்.

சுகுணாவுக்குச் சுருக்கென்றது. உறைபனி விழும் நாட்களில் வெயில் ஏறிக் குழாய்ப் பனி இளகிய பிறகே தண்ணீர் வரும் என்று வார்டு வாட்ஸ்அப் குழுவில் அறிவித்திருந்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டு அனுராதாவுக்கு விடியும்போதே வந்துவிடும். அவளுடைய குடங்கள் நிறைந்த பிறகுதான் சுகுணாவின் குழாய் சொட்டத் தொடங்கும்.

"ஏனுங்க, அவ வால்வைத் திருகி நம்ம தண்ணியை நிறுத்தறா. வீடியோ எடுத்து குரூப்ல போட்டா கனெக்‌ஷனையே புடுங்கிருவாங்க."

"உனக்குத் தண்ணி வரோணுமா, அவங்களுக்கு வரக்கூடாதா?" போர்வைக்குள்ளிருந்து கேட்டார் கணவர் முத்துவேல்.

"ரெண்டுந்தான்!"

மறுநாள் விடியலில் செல்போனோடு வேலியோரம் ஒளிந்து நின்றாள். அனுராதா தன் குழாயில் வெந்நீர் ஊற்றிப் பனியை இளக்கினாள். குடங்களை நிரப்பியதும் உள்ளே போய், ஆவி பறக்க இன்னொரு பானை வெந்நீர் கொண்டுவந்தாள். அதைச் சுகுணா வீட்டுக்குப் போகும் குழாயின் மேல் மெதுவாக ஊற்றினாள்.

"சீக்கிரம் இளகு சாமி. அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போகோணும்."

சுகுணாவின் வீட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தெருவில் வேறு எந்த வீட்டிலும் கேட்கவில்லை.

வீடியோவை அழித்தாள்.

அடுத்த நாள் அனுராதா எழுவதற்கு முன்பே இரண்டு குழாய்களையும் சுகுணா இளக்கினாள். அனுராதாவின் குடங்களை நிரப்பி மூடிவைத்தாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பனியில் வெறுங்காலோடு சத்தமில்லாமல் வீடு திரும்பினாள்.