பெயர் வெட்டிய தட்டுகள்

அவனும் அவளும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போட்ட சண்டை அடுத்த தாலுகா வரைக்கும் கேட்டது.

நம்ப வேண்டாம். அவளே ஒப்புக்கொள்வதில்லை. மாமா சும்மா அளக்கிறார், அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை என்பாள்.

நான் அவனுடைய அப்பா, அவளுக்கு மாமனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஊரடங்கில் எனக்கு வாய்த்த ஒரே உத்தியோகம், பார்த்துக்கொண்டிருப்பது.

பார்த்தேன்.

அவள் பாத்திரங்களைப் பிரிக்கிறாள்.

ஒவ்வொன்றாகத் திருப்பி, விளிம்பில் வெட்டியிருக்கும் பெயரைப் பார்க்கிறாள். ‘ஆ. வீரபத்திரன், கரூர்’ என்றால் மேல் அலமாரி. அவளுடைய அப்பா சீராகக் கொடுத்தவை. ‘ம. சௌந்தரவல்லி, தாராபுரம்’ என்றால் கீழ் அலமாரி. என் தங்கை கொடுத்தவை. எங்கள் பக்கத்து மற்றப் பெயர்களும் அங்கேதான்.

மேல் அலமாரியை அவன் தொடக்கூடாது.

அவள் அப்படிச் சொல்லவில்லை. ஒருமுறை அதிலிருந்து டம்ளர் எடுத்துத் தண்ணீர் குடிக்கப் போனான். அவள் அதைப் பிடுங்கி, தண்ணீரைக் கொட்டி, கம்பி நாரால் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் டம்ளர் பாதி உயரமாகிவிட்டது.

வீடு இரண்டு நாடானது. எனக்கு மட்டும் இரண்டிலும் குடியுரிமை. சோறு கரூரில், ரசம் தாராபுரத்தில்.

காரணம் சிரிக்கிற மாதிரி இல்லை.

அவளுடைய அப்பா கொரோனாவில் போனார். சேதி வந்ததும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். அவன் கார் சாவியை ஒளித்துவிட்டான். வீட்டில் குழந்தை இருக்கிறது, வயசான மனுஷன் இருக்கிறார், நீ போய் நோயை வாங்கிக்கொண்டு வந்தால் என்ன ஆவது என்று கதவை மறித்தான்.

தகனத்தை அவள் போனில் பார்த்தாள்.

பாதியில் சிக்னல் போய்விட்டது.

பேச்சும் அதோடு போனது.

கேள்வி பதில் எல்லாம் பாத்திரத்தில்தான். அவன் கரண்டியை வைத்தால் அவள் மூடியைப் போடுவாள். அவன் குக்கரை இறக்கினால் அவள் வாணலியை ஏற்றுவாள். எங்கள் சாப்பாட்டு நேரம் வந்தால் எதிர்வீட்டு நாய் சிறுவாணி மலைக்குப் போய்விட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் திரும்பி வரும்.

நடுவில் நிறைமதி. என் பேத்தி. ஆறு வயது.

பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்குக் கிடைத்தது தட்டுகள்தான்.

படித்தாள்.

கரூர்த் தட்டில் சாப்பிட்டால் அப்பா முகம் சுண்டும். தாராபுரத் தட்டில் சாப்பிட்டால் அம்மா முகம் சுவர்ப்பக்கம் திரும்பும்.

அதையும் படித்தாள்.

சாப்பிடுவதை நிறுத்தினாள்.

முதலில் வயிற்றுவலி என்றாள். பிறகு பசியில்லை என்றாள். பிறகு எதுவும் சொல்லவில்லை. கவுன் தோளில் நிற்காமல் நழுவியது.

இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

டாக்டர் வீடியோவில் பார்த்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றார்.

இல்லை என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில். அவ்வளவு நாளில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அந்தப் பொய்தான்.

அன்று மத்தியானம் அவள் குழந்தை முன்னால் ஒரு தட்டை வைத்தாள். அவன் அதை ஒட்டி இன்னொன்றை வைத்தான். இரண்டிலும் தயிர்சாதம். இரண்டு பேரும் பிசைந்தார்கள். ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பிசைந்தார்கள்.

குழந்தை இரண்டு விளிம்பையும் விரலால் தடவினாள்.

“பேரில்லாத தட்டு இருக்குதாம்மா?”

அவன்தான் எழுந்தான். தேடினான்.

எங்கள் சாதிசனத்தில் ஊசி கொடுத்தாலும் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். அத்தை, பெரியப்பா, ஒன்றுவிட்ட மச்சான், ஆபீஸ் நண்பர்கள். கீழ் அலமாரி முழுக்கத் தரைக்கு வந்துவிட்டது. ஒன்றுகூட வெறுமையாக இல்லை.

மேல் அலமாரியை நோக்கிக் கை போனது.

பாதியில் நின்றது.

அவள் இரண்டு தட்டுச் சோற்றையும் ஒரே குண்டானில் கொட்டினாள். அந்தக் குண்டானிலும் யாரோ ஒருவர் பெயர் இருந்திருக்கும். அவள் திருப்பிப் பார்க்கவில்லை.

தரையில் உட்கார்ந்தாள். குழந்தையிடம் கையை நீட்டச் சொன்னாள்.

நிறைமதி தன் உள்ளங்கையை முன்னும் பின்னும் பார்த்தாள். எதுவும் எழுதியிருக்கவில்லை என்று தெரிந்த பிறகு நீட்டினாள்.

ஓர் உருண்டை.

மென்றாள். விழுங்கினாள்.

இன்னொன்று.

நானும் நீட்டினேன். கிடைத்தது.

கலைந்து கிடந்த பாத்திரங்களைத் தாண்டி அவன் வந்து உட்கார்ந்தான். கையை நீட்டினான்.

அவள் பார்க்கவில்லை.

கை நீட்டியபடி இருந்தது.

குழந்தை மெல்லுவதை நிறுத்தினாள். வாயில் சோறு அப்படியே. அம்மாவைப் பார்த்தாள். அப்பா கையைப் பார்த்தாள். அடுத்து அதைத் துப்புவாள் என்று எனக்குத் தெரிந்தது. மருமகளுக்கும் தெரிந்தது.

ஓர் உருண்டை பிடித்தாள். நடுவில் குழி செய்து பச்சை மிளகாயைச் செருகி மூடினாள். ஒளித்துக்கூடச் செய்யவில்லை. அவன் கண்ணெதிரே செய்தாள்.

அவன் கையில் வைத்தாள்.

அவன் வாயில் போட்டான். மென்றான். ஒரு நரம்பு மிச்சமில்லாமல் மென்றான்.

கண்ணில் கிளம்பிய தண்ணீரில் அமராவதி ஆறு தாராபுரத்தில் கரை உடைத்துக் கரூர் வரைக்கும் போனது.

தண்ணீர் கேட்கவில்லை. மறுபடி கையை நீட்டினான்.

குழந்தை மென்று விழுங்கினாள்.

போன வாரம் தங்கை சௌந்தரவல்லி வந்திருந்தாள். சாப்பிடும்போது இந்தக் கதையை எடுத்தேன். மருமகள் பரிமாறிக்கொண்டே வழக்கம்போல இல்லை இல்லை என்று தலையாட்டினாள். தாலுகாவா, நாயா, ஆறா, எல்லாம் மாமாவின் புளுகு என்றாள்.

நான் விடவில்லை. உருண்டைக்குள் ஒரு பச்சை மிளகாய் என்றேன்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

“ஒண்ணில்லைங்க மாமா. மூணு.”