ஓரத்துத் துண்டு

ஆய்வகத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள்: வைரஸால் வரும் புற்றுநோய்கள் பற்றி முப்பத்தொரு கட்டுரைகள் எழுதிய ஆராய்ச்சியாளர், அங்கேயே டெக்னீஷியனாக இருக்கும் அவர் மனைவி, வாசலில் பியூன். எதிர் அறையில் துறைத்தலைவர் பதவிக்கான தேர்வுக்குழு அவருக்காகக் காத்திருக்கிறது. குழுவுக்குக் காட்டத் தன் முதல் கட்டுரையின் ஸ்லைடை எடுத்தவர், அரைமணி நேரமாக மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நோயாளியின் திசு வெளுத்துக் கிடக்கிறது. வைரஸைக் காட்டும் பழுப்புச் சாயம், ஓரத்துத் துண்டில் மட்டும் ஏறியிருக்கிறது. அது வைரஸ் உள்ள வேறொருவருடைய திசு. சாயம் பிடிக்கிறதா என்று சரிபார்க்க எல்லா ஸ்லைடிலும் ஒட்டுவது. பதினோரு வருடங்களுக்கு முன் நோயாளியின் திசு என்று படம் பிடித்துக் கட்டுரையில் போட்டது அந்தத் துண்டைத்தான். மற்ற முப்பது கட்டுரைகளும் அந்தப் படத்தை நம்பி எழுதியவை. ஜன்னல் வெயில் அவர் பிடரியில் சுடுகிறது, நகரத் தோன்றவில்லை.

"படம் எடுத்தது நான்தானே," என்கிறாள் மனைவி. "இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதீங்க. உங்க கையைக் காலா நெனச்சுக் கேக்குறேன்."

"இதை நம்பி எத்தனை டாக்டருங்க மருந்து எழுதியிருப்பாங்க?"

"அதுக்கு நம்ம பொழப்புல நாமளே மண்ணைப் போட்டுக்கணுமா?"

"சார், டீ ஆறிப்போச்சு. எதிர் ரூம் ஆளுங்கதான் கொதிச்சுட்டு இருக்காங்க," என்கிறார் பியூன்.

அவள் கட்டுரைப் பட்டியலை அவர் கையில் திணிக்கிறாள். அவர் அதை மேசையில் வைக்கிறார். ஸ்லைடை மட்டும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் எதிர் அறைக்குள் போகிறார். பியூன் அந்த அறைக் கதவைச் சாத்துகிறார். உள்ளிருந்து யாரோ தாழ்ப்பாள் போடுகிறார்கள்.