வச்சலாவின் வேண்டுதல்

பெங்களூரில் விமான இறக்கை வடிவமைக்கும் என்ஜினீயர் சிவப்பிரகாசத்துக்கு, தான் இல்லாவிட்டால் விமானமெல்லாம் மாட்டுவண்டிதான் என்று எண்ணம். 1974-ல் அவனுடைய இறக்கைக்குச் சோதனை வந்தது. மனைவி வச்சலாவைச் செங்கல்பட்டில் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினான்.

"சோதனைன்னா இன்னாங்க செய்வாங்க?"

"பாரம் ஏத்தி வளைப்பாங்க. சொன்னா உனக்குப் புரியாது."

"உடைஞ்சிடுமா?"

"போய்ச் சமையலைப் பாரு."

உடையக் கூடாது என்று அவள் திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள்.

அவனிடமிருந்து தந்தி வந்தது: 'இறக்கை உடையவில்லை. ஊருக்கு வருகிறேன்.'

மாமனார் தெருவுக்கே லட்டு கொடுத்தார். வச்சலா அன்றைக்கே பஸ் பிடித்துப் போய், இடுப்புவரை இருந்த முடியை இறக்கிவிட்டு வந்தாள்.

மறுநாள் சிவப்பிரகாசம் வந்தான். நீட்டிய லட்டைத் தள்ளினான்.

"என்னை ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. நட்டு போல்ட்டுக்குக் காவல்."

"அதான் உடையலியே மாப்ளே!"

"உடையணும்! குறிச்ச பாரத்தைத் தாண்டினதும் உடைஞ்சிருக்கணும். எவ்ளோ ஏத்தியும் உடையலைன்னா, வேண்டாத கனம்னு அர்த்தம். அவ்ளோ கனத்தைத் தூக்கிகினு விமானம் எப்படிப் பறக்கும்?"

வச்சலா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டாள்.

"இதுல எனக்குப் புரியாததுக்கு இன்னாங்க கீது?"